கடலூரில் மரங்கள் சாய்ந்த பக்கம்

அந்தக் காலத்தில் புயல்களுக்குப் பெயர் கிடையாது. சென்னைக்குத் தென்கிழக்கே இத்தனை கிலோமீட்டர் என்று வானொலி சொல்லும். பன்னிரண்டு வயதில் எனக்கு அது போதுமானதாக இருந்தது. பள்ளி நிலப்பட நூலில் வங்காள விரிகுடாவின் மேல் பென்சிலால் புள்ளி வைத்து, ஒவ்வொரு செய்திக்கும் அதைக் கரையை நோக்கி நகர்த்துவேன். கடலை நான் அதுவரை பார்த்ததில்லை. கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து மேற்கே கல்வராயன் மலை தெரியும். கிழக்கே கரும்பு மட்டும்தான்.

அவ்வாண்டு பெரியவர்களின் கவனம் வேறிடத்தில் இருந்தது. எங்கள் சமூகத்துக்குத் தனி ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துப் பேருந்துகளை நிறுத்தினார்கள். சித்தப்பா (இந்த ஆவணியில் காலமானார்) அப்போது பி.ஏ. முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, அழைப்புக்காக மூன்றாண்டுகளாகக் காத்திருந்தார். என் புள்ளிகளைப் பொருட்படுத்திய ஒரே ஆளும் அவர்தான். "இன்னாடா, மாப்ள எதுவரைக்கும் வந்துக்கிறாரு?" என்று புயலை விசாரிப்பார்.

தாலுகா அலுவலகத்தில் மழை அளவை எழுதும் ஏட்டை ஒருமுறை பார்த்திருந்தேன். அதேபோல ஒரு நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டேன்: நேரம், காற்றின் திசை, மழை, பார்த்தவர். கடைசிக் கட்டந்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பார்த்தவர் இல்லாத இடத்தில் கோடு போட வேண்டும். ஊகித்து எழுதக் கூடாது. அலுவலக ஏட்டில் அப்படித்தான் இருந்தது.

புயல் கரையைக் கடக்கும் என்று சொல்லப்பட்ட நாளில், மாடியில் மூங்கில் நட்டு அதன் நுனியில் பழைய புடவைத் துணியைக் கட்டினேன். அம்மா என்னை மாடிப்படியிலேயே மறித்தாள்.

"காத்து அட்சிக்கினு போச்சின்னா ஒன்ன எந்தக் கரும்புக் காட்டுல போயி தேடுறது? கீழ எறங்குடா."

ஆகவே சித்தப்பா மேலே நின்று திசையைக் கூவுவார். நான் வானொலியருகே அமர்ந்து எழுதுவேன் என்று ஏற்பாடாயிற்று. காலையிலிருந்து வடக்கு, வடக்கு என்றே குரல் வந்தது. கடலூருக்கு அருகே நண்பகலில் புயல் கரையைக் கடந்ததென்று வானொலி அறிவித்தபோது நான் எழுந்து கைதட்டினேன். மூன்று மணிக்குக் கூப்பிட்டேன், மேலே பதிலில்லை. நான்கு மணிக்கும் இல்லை. இரண்டு கட்டங்களிலும் கோடு போட்டேன். ஐந்து மணிக்குச் சித்தப்பா தெருவாசல் வழியாக முழங்கால்வரை சேற்றுடன் உள்ளே வந்து, நேரே மாடிக்கு ஓடி, "மேக்கால திரும்பிட்ச்சிடா!" என்று கத்தினார். அதை எழுதும் மகிழ்ச்சியில் சேற்றைப் பற்றி நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காவல்துறை ஜீப் வந்தது. புயலன்று மூன்று மணிக்கு மேல் கள்ளக்குறிச்சிச் சாலையில் ஒரு கூட்டம் மரத்தை வெட்டிச் சாய்த்ததாகவும், அதில் சித்தப்பாவும் இருந்ததாகவும் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"அன்னிக்கிப் பூரா வூட்ட வுட்டு நவரலீங்க," என்றார் அப்பா. "பையனோட புயல் பாத்துக்கினு இருந்தான்."

"புயலு பாத்தானா? அது இன்னாய்யா, டூரிங் டாக்கீஸ் படமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அப்பாவின் சொல்லை அவர் நம்பவில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்து நீட்டினேன். அவர் பொறுமையாக, விரலால் கட்டம் கட்டமாகப் படித்தார்.

"பேஷ். இங்க ரெண்டு கோடு போட்டுக்கிறியே, இன்னா தம்பி அது?"

"மூணு மணிக்கும் நாலு மணிக்கும் சித்தப்பா மேல இல்லீங்க சார். பாக்காதத எழுதக் கூடாது."

அம்மாவின் விரல்கள் என் தோளை அழுத்தின. இன்ஸ்பெக்டர், "கெட்டிக்காரப் பையன்," என்றார். படித்த ஒருவர் என் நோட்டைப் பாராட்டியது அதுவே முதல்முறை. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டார்.

"வுடுண்ணா. அவன் சரியாத்தான் எழுதிக்கிறான். போலாம் சார்."

கடலூர்ச் சிறைக்குக் கொண்டுபோகிறார்கள் என்று பேச்சு வந்ததும் எனக்கு உண்மையிலேயே பொறாமையாக இருந்தது. புயல் கரையேறிய ஊர்! ஜீப்பின் பின்னால் ஓடினேன். "சித்தப்பா, அங்க மரமெல்லாம் எந்தப் பக்கம் சாஞ்சிக்கிதுன்னு பாத்துக்கினு வா!"

பத்தொன்பது நாள் கழித்து ஜாமீனில் வந்தார். மெலிந்திருந்தார். அம்மா அழுதுகொண்டே தண்ணீர்ச் சொம்பை நீட்ட, அவர் என்னைப் பார்த்தார்.

"சவுக்கெல்லாம் கெழக்கப் பாத்து வுழுந்துக்கிதுடா. எழுதிக்கோ."

மரங்கள் கிழக்கே விழுந்தால் அங்கே மேற்குக் காற்று. அப்படியானால் புயலின் மையம் அவ்விடத்துக்கு வடக்கே கடந்திருக்க வேண்டும். எங்கள் மாடியிலும் காற்று மேற்கிலிருந்து வீசத் திரும்பியதோடு அது பொருந்தியது. மகிழ்ச்சி தாளவில்லை. மையத்துக்கு வடக்கே மரங்கள் மேற்கே அல்லவா விழுந்திருக்கும்? கடலூர்ச் சாலையின் வடபுறத்தை ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன்.

"ஜீப்புலேர்ந்து வேன்ல மாத்தி, தெக்கால ஜன்னக் கம்பியோட கையப் பூட்டிட்டாங்க. திரும்ப முடியலடா."

ஒருபக்கத் தகவல் என்று குறித்துக்கொண்டேன். சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது.

வழக்கு பதினோரு ஆண்டுகள் நடந்தது. அதற்குள் ஒதுக்கீடு வந்தது. அதில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். ஆனால் அவர் திரும்பி வந்த அந்த மாதத்தில், கள்ளக்குறிச்சிக்குப் போய் வேலைவாய்ப்புப் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய நாள் வந்தபோது, சித்தப்பா போகவில்லை. வழக்கு இருப்பவனை அரசு வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நானோ, சித்தப்பா இனி வீட்டிலேயேதான் இருப்பார், அடுத்த புயலுக்கு எந்த மணியிலும் கோடு போட வேண்டியிராது என்று எண்ணி, நோட்டில் புதிய பக்கத்துக்குக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.