சவேரியார் வெட்டிய திரி

தங்கச்சிமடம் சவேரியாருக்குச் சர்க்கார் வேலை கிடைக்கப்போகிறது என்று அவர் மனைவி ஜோதிமேரி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். சொல்லாதே என்றால் கேட்கிற ஆளா அவள்? சுதந்திரம் வந்து பத்து வருஷம் இருக்கும். பாம்பன் கால்வாயில் பாறை உடைக்க, வெடி வைக்கிற ஆட்களை எடுத்தார்கள். மாதச் சம்பளம். காற்றடித்துக் கடலுக்குப் போகாத நாளிலும் அடுப்பு எரியும்.

மற்றபடி வெடி என்றாலே ஜோதிமேரிக்கு ஆகாது. கடலில் வெடிமருந்துத் தோட்டாவைக் கொளுத்தி வீசி மீனைக் கொல்கிற திருட்டுத் தொழிலில்தான் அவள் தம்பி வேதமுத்துவின் வலக்கை மணிக்கட்டோடு போனது. "எங்க வீட்டுக்காரரு வலையைத் தவிர வேறொன்னையும் தொட்டதில்ல" என்று பெருமை பேசுவாள்.

தொட்டிருந்தார். கை போன அன்று அதே வள்ளத்தில் சவேரியாரும் இருந்தார். தோட்டாவுக்குத் திரி வெட்டிக் கொடுத்ததே அவர்தான். அக்காள் குடும்பம் கெட்டுவிடக் கூடாதென்று வேதமுத்து, "தனியாத்தான் போனேன்" என்று போலீஸிலும் வீட்டிலும் சாதித்துவிட்டான். சவேரியாரும் சௌகரியமாக வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு தோட்டா பக்கமே போகவில்லை, அந்த அளவுக்கு மனுஷன் யோக்கியன்தான்.

"முன்னப்பின்ன வெடி தொட்டிருக்கியா?" என்று தேர்வு வைத்த இஞ்சினியர் கேட்டார்.

"இல்லைங்கய்யா."

மருந்தில்லாத கேப்பும் திரியும் கொடுத்தார்கள். கேப்பு என்பது சின்னக் குழல். அதில் திரியைச் செருகிக் குறட்டால் நெரிக்க வேண்டும். குறடு எதிரிலேயே கிடந்தது. சவேரியாரின் கை திரியை விரல் நீளத்துக்கு வெட்டிக் குழலில் செருகியது. வாய் தானாகத் திறந்து அதைப் பல்லால் கடித்தது. ஆடுகிற வள்ளத்தில் குறட்டைத் தேட நேரமேது? நீளத் திரி எரிந்து முடியும்வரை மீன் கூட்டமும் காத்திருக்காது.

சிக்கல் என்ற ஊரிலிருந்து தேர்வுக்கு வந்திருந்த, பாறைக்கு வெடி வைத்துக் கிணறு வெட்டுகிறவர்கள் சிரித்துவிட்டார்கள். இஞ்சினியர் சிரிக்கவில்லை.

"மீனுக்கு வெடி போடுறவனா நீ? இத்தனூண்டு திரியை வச்சு எத்தனை பேரு கையை எடுத்த?"

கேள்விக்குப் பதில் இருந்தது. சவேரியார் கூனிக் குறுகி வெளியே வந்தார்.

மத்தியானம் வீட்டில் வேதமுத்து இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சவேரியாரும் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கு வேலை தெரியலன்னு அனுப்பிட்டாங்க" என்றார்.

ஜோதிமேரி முகம் வாடவில்லை. "தெரியாம இருக்கதுதான் நமக்கு மரியாதை! தோட்டா போட்டுப் பழகுன களவாணிப் பயலுகளுக்குல்ல அந்த வேலை வரும்?" குழம்பை ஊற்றிக்கொண்டே தம்பி பக்கம் திரும்பினாள். "ஏலே, அன்னைக்கே மச்சானைப் பாத்துத் திருந்தியிருந்தா, இப்ப ஒனக்குக் கை இருந்திருக்கும்ல?"

வேதமுத்து தலை நிமிரவில்லை. "ஆமாக்கா" என்றான்.

சவேரியார் ஒரு கவளம் சோற்றை அள்ளி வாயில் போட்டார். விக்கல் எடுத்தது. வேதமுத்து சாப்பிட்ட கையாலேயே செம்பை அவர் பக்கம் நகர்த்தினான்.

"தண்ணியக் குடிங்க மச்சான்."