அடுப்பு எரிகிற அறையில் தூங்கியவன்

போடியில் அந்தப் படத்தின் முதல் காட்சிக்குப் போனபோது, அது ஊத்திக்கொள்ள வேண்டும் என்றுதான் நான் மனதார விரும்பினேன். எடுத்தவன் என் சிநேகிதன். ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து நோட்டில் துப்பறியும் கதை எழுதுவோம். கொலைகாரன் யாரென்று கடைசிப் பக்கம் வரை மறைத்து வைக்கிற சாமர்த்தியம் என்னுடையது. அவன் எழுதினால் மூன்றாம் பக்கத்திலேயே குட்டு உடைந்துவிடும். அப்பேர்ப்பட்டவன் சென்னைக்குப் போய், யார் யாரிடமோ உதவி இயக்குநராக இருந்து, தேய்ந்து, தேறி வந்துவிட்டான். நான் மலைக்குப் போனேன். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் பதினைந்து வருடமாக ஸ்டோர் பார்க்கிறேன். பறித்து வரும் பச்சைக்காயைக் காயவைக்கிற இடத்துக்குத்தான் எங்களிடம் ஸ்டோர் என்று பெயர். சென்னைக்குப் போகாதே என்று என்னை யாரும் தடுக்கவில்லை. பயந்துபோய் நானேதான் நின்றுவிட்டேன். கோபப்பட வேறு ஆள் கிடைக்காததால் அவன் மேலேயே கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

படம் எடுப்பதற்கு முன் கதை முழுவதையும் என் போனுக்கு அனுப்பியிருந்தான். பின்னாலேயே கூப்பிட்டான்.

“மாப்ளே, நீ ஒரு தடவ படிச்சிரு. மலை வெவரத்துல தப்பு கிப்பு இருந்தாச் சொல்லு. ஸ்டோரைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?”

ஒரே மூச்சில் படித்தேன். எஸ்டேட் சூப்பர்வைசர் ஒருவர் ஓடையில் செத்துக் கிடக்கிறார். நான்கு பேர் மேல் சந்தேகம். அவர்களில் ஸ்டோர்க்காரனும் ஒருவன். கொன்றது அவன்தான், ஆனால் அது கடைசியில்தான் தெரிய வேண்டும். இன்ஸ்பெக்டர் விசாரிக்கும்போது, “அன்னைக்கு ஸ்டோர்ல காய் காயப் போட்டிருந்தோம் சார். வெளியில நல்ல குளிர். அடுப்பு எரியிற ரூம்புக்குள்ளயே கதகதப்பாப் படுத்து விடியவிடியத் தூங்கிட்டேன்” என்கிறான். இன்ஸ்பெக்டரும் நம்பி அவனை விட்டுவிடுகிறார். பார்க்கிறவர்களும் அவனை மறந்துவிடுவார்கள் என்பது என் சிநேகிதனின் கணக்கு.

காய் வேகும் அறையில் மனிதன் தூங்க முடியாது. கதவைச் சாத்தி, விறகடுப்பின் சூட்டைக் குழாய் வழியாக உள்ளே விட்டு, தட்டுத் தட்டாகக் காயைப் பரப்பியிருப்போம். நடுவில் புரட்டிவிடப் போனால்கூடப் பத்து நிமிடத்தில் சட்டையைப் பிழிகிற மாதிரி வெளியே வருவோம். ஒரு ராத்திரி உள்ளே கிடந்தவன் காலையில் வாக்குமூலம் கொடுக்க இருக்க மாட்டான். இது சென்னைக்காரர்களுக்குத் தெரியாது. போடியில் தெரியாத ஆள் கிடையாது. ஸ்டோர்க்காரன் வாயைத் திறந்ததும் கொலைகாரன் யாரென்று தெரிந்துவிடும், அதோடு படம் முடிந்தது.

அதை எழுதி அனுப்பத்தான் உட்கார்ந்தேன். இரண்டு வரி அடித்தேன். பிறகு அழித்தேன். “எல்லாம் சரியா இருக்கு மாப்ளே, எடு” என்று அனுப்பினேன். சொந்த ஊரிலேயே அவன் அசிங்கப்படுவதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

இரவல் கேமராவை வைத்துக்கொண்டு பக்கத்து எஸ்டேட்டிலேயே எடுத்தார்கள். நடித்தவர்களில் பாதிப் பேர் அவன் கூட்டாளிகள். பிணமாக நடித்தது ராசிங்காபுரத்து ஜீப் டிரைவர் ஒருவர். மூன்று தடவை என்னைச் சூட்டிங்குக்குக் கூப்பிட்டான். சோலி இருக்கிறது என்று தட்டிக் கழித்தேன். படம் முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிளக்ஸ் வைத்தார்கள். அதில் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் நான்கு நாள் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி மட்டும் ஒரு தியேட்டரில் கொடுத்திருந்தார்கள். மலையில் அன்றைக்கு வேலை கிடையாது. சிலமலையிலிருந்தும் ராசிங்காபுரத்திலிருந்தும் தினமும் காயெடுக்கப் போகும் பெண்கள் அதே ஜீப்புகளில் லோடு லோடாக வந்து இறங்கினார்கள். தங்கள் டிரைவர் பிணமாக நடித்திருப்பதைப் பார்க்க வேண்டுமே. அவன் என்னைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். பயத்தில் அவன் கால் ஆடிக்கொண்டே இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

பிணம் வந்ததும் தியேட்டரே சிரித்தது. “ஏய், அண்ணே வயிறு ஏறி எறங்குது பாரு!” என்று ஒருத்தி கத்தினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நானும் குனிந்துகொண்டேன், சிரிப்பை மறைக்க.

கொஞ்ச நேரத்தில் நான் காத்திருந்த இடம் வந்தது. திரையில் ஸ்டோர்க்காரன், கதகதப்பாகத் தூங்கினேன் சார் என்றான். முன் வரிசையில் ஒரு அக்கா எழுந்தே நின்றுவிட்டார்.

“பொய் சொல்றான்டீ! காய் வேகுற எடத்துல மனுசன் படுப்பானா? விடியறதுக்குள்ள அவிஞ்சில்ல போயிருப்பான்!”

“அவன்தான் கொன்னது. இதுக்கு மேல என்ன வேணும்?”

“ஏ போலீசு, அவனை விடாத!”

இருட்டில் என் சிநேகிதன் என் பக்கம் திரும்பி, “என்னடா சொல்றாங்க?” என்றான். எனக்குத் தெரியவில்லை என்றேன். இனி ஒவ்வொருவராக எழுந்து போவார்கள் என்று வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஆள்கூட எழுந்திருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஸ்டோர்க்காரனை விட்டுவிட்டுக் காயெடுக்கிற பெண் ஒருத்தியைப் பிடித்து மிரட்டியபோது தியேட்டர் கொந்தளித்தது. “அவளை ஏன்டா மெரட்டுற? வெரசா ஸ்டோருக்குப் போ!” என்று கத்தினார்கள். ஸ்டோர்க்காரன் அந்தப் பெண்ணுக்கே டீ வாங்கிக் கொடுத்து ஆறுதல் சொல்கிற ஒரு காட்சி. கதையில் படித்தபோது சப்பென்றிருந்தது. இப்போது, “குடிக்காத தாயி, அவன் கையால குடிக்காத!” என்று பின்னால் ஒரு பாட்டியின் குரல் அழுகிற மாதிரி கேட்டது. பக்கத்தில் என் சிநேகிதனின் கால் ஆடுவது நின்றுவிட்டது. என் வயிறு எரிய ஆரம்பித்தது.

இடைவேளையில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கிற பாய் ஒருவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எல்லாப் படத்துலயும் போலீசுக்குத் தெரிஞ்ச பெறகு நமக்குச் சொல்லுவான். இவன் நமக்கு மொதல்லயே காட்டிட்டு போலீச அலைய விடுறான். வெவரமான பய.”

நான் வாங்கிய முறுக்கை அப்படியே பொட்டலத்தில் சுருட்டி வைத்தேன். அவன் தப்பு செய்தால்கூட அதற்கு விசில் அடிக்கிறார்கள். நான் பதினைந்து வருடமாக ஒரு தட்டுக் காயைக்கூடக் கருகவிட்டதில்லை. ஒருவராவது கை தட்டியிருக்கிறார்களா?

கடைசியில் ஏதோ ஒரு டார்ச் லைட்டை வைத்து இன்ஸ்பெக்டர் ஸ்டோர்க்காரனைப் பிடித்தார். டார்ச்சை யார் கவனித்தார்கள்? தாங்களே பிடித்துக் கொடுத்த மாதிரி எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

வெளியே வந்ததும் முன் வரிசை அக்கா நேராக என் சிநேகிதனிடம் வந்தார். சிலமலைக்காரர், எங்கள் எஸ்டேட்டுக்குப் பக்கத்தில்தான் காயெடுக்கிறார்.

“ஸ்டோர் வெவரம் தெரிஞ்சவுகதான் இப்பிடிக் கதை பண்ண முடியும். யாரு தம்பி சொல்லிக் குடுத்தது?”

“யாரும் சொல்லலைக்கா. உள்ள தூங்கலாம்னு நெனைச்சுதான் எழுதுனேன். தப்புன்னு நீங்க கத்தும்போதுதான் தெரிஞ்சது.”

அக்கா அதை அடக்கம் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இந்தத் தம்பி ஸ்டோர்தான பாக்குது? இதுகிட்டக் கேட்டிருக்கலாம்ல?”

அவன் என் தோளில் கை போட்டான்.

“படிச்சான்க்கா. வேலை அலுப்புல படிச்சிருப்பான். அவனும் கவனிக்கல.”

“நல்ல ஸ்டோர்க்காரரு போ! நாங்க பாத்த ஒடனே கண்டுபிடிச்சிட்டோம், இவருக்குத் தெரியலையாம்!”

சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அதோடு போயிருக்கும். அவனுக்கு எல்லாம் இருக்கிறது, எனக்கு இருப்பது இந்த ஒரு வேலை. அதிலும் ஒன்றும் தெரியாதவன் என்று பெயர் வாங்க என்னால் முடியவில்லை.

“எனக்குத் தெரியும். படிச்ச அன்னைக்கே தெரியும்” என்றேன்.

அக்காவின் சிரிப்பு நின்றது. என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு ஜீப்புப் பக்கம் நகர்ந்தார். அவன் தோளிலிருந்து கையை எடுத்தான்.

“எனக்கும் தெரியும் மாப்ளே” என்றான் மெதுவாக. “நான் எழுதுனதைப் படிச்சிட்டு, எல்லாம் சரியா இருக்குன்னு நீ என்னைக்காச்சும் சொல்லியிருக்கியா? அன்னைக்கே தெரியும், எங்கயோ ஒரு குழி இருக்குன்னு. எங்கன்னுதான் தெரியல. நீயாச் சொல்லுவன்னு பாத்தேன். இப்பக்கூட உன்னைய விட்டுக்குடுக்காமத்தான் பேசுனேன். அதையும் நீ விடல.”

யாரோ போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். போனான். பிளக்ஸில் இருந்த அதே சிரிப்போடு கூட்டத்தின் நடுவில் நின்றான். வெட்கம் எனக்குப் பிறகுதான் வந்தது. அந்த இடத்தில் முதலில் வந்தது, அவன் இப்போது பேசிய மாதிரி நாலு வரி எனக்கு எழுத வரவில்லையே என்ற பொறாமைதான்.