நமுத்த வெடி அக்கா

"கைய எடுங்கம்மா." இதைச் சொல்லும்போது பர்ஹத் திரையிலிருந்து பார்வையைத் திருப்புவதில்லை. குழந்தையின் தலையை நிமிர்த்த ஒரு தாயின் கை நீண்டிருக்கும் என்பது அவருக்குப் பார்க்காமலே தெரியும். கை விலகாவிட்டால் மூடிய பேனாவால் செல்லமாக ஒரு தட்டு.

விருதுநகரில் ஒரு கண் மருத்துவமனையில் விழித்திரையைப் படமெடுப்பது அவர் வேலை. அண்ணன் உபைதுல்லாவுக்கு பஜாரில் செருப்புக் கடை. அந்தக் குடும்பத்தில் எல்லோரும் எதிரே வருபவரின் காலைப் பார்ப்பார்கள். இவர் மட்டும் கண்ணைப் பார்ப்பார். பஸ்ஸில் யாருக்காவது கண் லேசாக ஆடினால், எந்தப் பக்கம் திரும்பினால் நிற்கிறது என்று கவனித்தபடி தன் நிறுத்தத்தைக் கோட்டைவிடுவார்.

உடலில் நிறமி குறைந்து, முடியும் இமையும் வெளுத்துப் பிறக்கும் குழந்தைகளுக்குக் கண் ஓயாமல் ஆடும், வெளிச்சமும் கூசும். படமெடுப்பது பெரும்பாடு. ஆனால் பலருக்கு அந்த ஆட்டம் அடங்க ஒரு கோணம் இருக்கிறது. பர்ஹத் அதைத் தேடிப் பிடிப்பார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கருவியை இயக்கும் முன் உற்சாகமாக "பத்த வைக்கட்டா?" என்று கேட்டாராம். எல்லாம் பட்டாசு ஊர்ப் பிள்ளைகள். கண்ணை இறுக்கி மூடிக் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவன் வராண்டாவுக்கே ஓடிவிட்டான்.

"அன்னைக்குத்தான் புத்தி வந்துச்சு. இப்பல்லாம், 'இது நமுத்த வெடிடா, வெளிச்சமும் வராது, சத்தமும் வராது'ன்னுதான் சொல்றது." பொய்யில்லை. விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் இந்தக் கருவி கண்ணைக் கூசவைப்பதில்லை. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர்தான் நமுத்த வெடி அக்கா.

அன்று ஆமத்தூரிலிருந்து மாரிசெல்வி வந்திருந்தார். தீபாவளி சீசனில் பட்டாசுக் கம்பெனிக்கு லீவு போட்டு, முடியும் இமையும் வெளுத்த, முதல் வகுப்பு படிக்கும் மகள் பானுப்பிரியாவை அழைத்து வந்திருந்தார். கரும்பலகை தெரியவில்லை என்பதால், மதுரையில் பார்வையற்றோர் விடுதிப் பள்ளியில் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில். அப்பா முனியராஜும் தலையாட்டிவிட்டார். மாரிசெல்விக்கு மகளை அனுப்ப மனமில்லை. விழித்திரையின் நடுவிலுள்ள சிறு பள்ளத்தைப் பார்த்தால்தான் பார்வை எவ்வளவு தேறும் என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். போன முறை படமே விழவில்லை.

இந்த முறையும் முதல் படம் கலங்கல். பானுப்பிரியா தலையை இடது தோளுக்குச் சாய்த்தாள். மாரிசெல்வியின் கை பாய்ந்தது.

"ஏட்டி, நேரா பாருட்டி! கோணக்கழுத்தின்னு ஊரே சொல்லுது. ஆதார் எடுக்கப் போன எடத்துலயும் இதே கூத்துதான்க்கா."

"அவ சும்மா சாய்க்கலம்மா. அங்கன வச்சாத்தான் கண்ணு நிக்கிது. நீங்க நிமித்த நிமித்த, தெரியிறதும் தெரியாமப் போகுது."

மாரிசெல்வி தன் கையையே பார்த்தார். சற்று நேரத்தில் அது மறுபடி எழுந்தது. பர்ஹத் தன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்து அவருடைய இரு கைகளிலும் வைத்தார்.

"இதப் பிடிச்சுக்கிடுங்க. ரசம் இருக்கு. சிந்துச்சு, எனக்கு இன்னைக்குப் பட்டினிதான்."

"யம்மா, சிந்திராதம்மா!" என்றாள் மகள்.

பர்ஹத் ஒரு துண்டை மடித்து, சாய்ந்த தாடைக்கு முட்டுக்கொடுத்தார். "நமுத்த வெடி வருது."

"புஸ்ஸுன்னாச்சும் சொல்லுமா?"

"அம்புட்டுக்கூட கெடையாது."

பானுப்பிரியா சிரித்தாள். சிரிப்பு அடங்கியபோது கண்ணும் நின்றது. படம் விழுந்தது.

டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பள்ளம் ஆழமா இல்ல. ஆனா இருக்கு. கண்ணாடி போடுவோம், முன் பெஞ்சுல உக்காரட்டும். உள்ளூர் ஸ்கூலே போதும்."

"அவுக அப்பாட்ட நீங்களே போன்ல சொல்லிருங்க டாக்டர். நான் சொன்னா நம்ப மாட்டாக." தூக்கு இன்னும் மாரிசெல்வியின் கையிலேயே இருந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

கிளம்பும்போது தூக்கைக் கொடுத்துவிட்டு, தயங்கியபடி செல்போனை நீட்டினார். "இவள நல்லா எடுத்த படம் ஒண்ணுகூட இல்லக்கா. ஒண்ணு எடுத்துக் குடுங்களேன்."

வாசல் தூணருகே நின்ற பானுப்பிரியா, வழக்கம்போல் தலையை இடது தோளுக்குச் சாய்த்தாள். தாயின் கை பாதி எழுந்து நின்றுவிட்டது. பர்ஹத், படத்தில் தூண் கோணலாக விழுந்தால் விழட்டும் என்று, அந்தத் தலை சாய்ந்த அளவுக்கே போனையும் சாய்த்துப் பிடித்தார்.