ஜன்னல் வழியே வந்த இறால்

எங்கள் வீட்டில் வெங்காயத்துக்கே கிழமை பார்த்துத்தான் அனுமதி. அந்த வீட்டுக்குள் இறால் வந்த கதையைச் சொன்னால் எங்கள் சொந்தக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். பொத்திக்கொள்ளட்டும், எனக்கென்ன? நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் இரண்டு பேர். நேரில் சொல்லப் போனால் இருவருமே "போதும் நிறுத்து" என்று வாயை அடைத்துவிடுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் மாமனார் திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைப்பவர். அவருடைய அப்பாவும் அங்கேதான் சமைத்தார். மாமியார் நான் மருமகளாக வருவதற்கு முன்பே போய்விட்டார். என் கணவர் எதற்கும் "பார்த்துக்கலாம்" என்பவர். இந்தக் கதையில் அவர் பங்கு அவ்வளவுதான். நான் தினமும் மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய்வருகிறவள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று தெருவே சொல்லும். ரயிலில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே திரும்பி வந்து பார்க்கட்டும், அவர்களுக்குக் கோபம் எங்கே வருகிறது என்று தெரியும்.

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரிக்கு வடக்கே மாற்றலானபோது, அவள் வீட்டிலிருந்த சின்ன உப்புநீர்த் தொட்டியை என் தலையில் கட்டினாள். உள்ளே இரண்டு கோமாளி மீன்கள், ஒரு மாண்டரின் மீன். "விக்க மனசு வரலை. நீன்னா பார்த்துப்பே" என்று அழுதாள். அழுதால் நான் இளகிவிடுவேன் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வண்டி பிடித்து, மீன் பைகளை மடியில் வைத்துக்கொண்டு, தொட்டித் தண்ணீரையும் கேன்களில் நிரப்பிக்கொண்டு வந்து இறங்கினேன். மாமனார் வாசலில் நின்றிருந்தார்.

"சமுத்திரத்தையே பெயர்த்துண்டு வந்துட்டியா?"

"கொஞ்சம்தான்ப்பா."

"சரி. ஆனா ஒண்ணு. கொண்டு வந்தாச்சுன்னா அதுகளுக்கு வயத்துக்குப் போடணும். பட்டினியா செத்ததுன்னா அந்தப் பாவம் இந்த ஆத்துக்குத்தான். முடியலேன்னு தோணித்துன்னா அன்னிக்கே யார்கிட்டயாவது ஒப்படைச்சுடு."

சம்மதித்தேன். மூன்று மீனுக்குச் சோறு போட முடியாதா என்ன?

உப்பு கலப்பதுதான் முதல் வித்தை. வடிகட்டிய தண்ணீரில் கடல் உப்பைக் கரைத்து, சின்னக் கருவியால் அளந்து பார்த்து, ஒரு பொழுது ஆறவிட வேண்டும். வெயில் நாளில் தொட்டித் தண்ணீர் ஆவியாகும், ஆனால் உப்பு தங்கிவிடும். அப்போது வெறும் தண்ணீரைத்தான் விட வேண்டும். நான் செய்வதை மாமனார் மலையிலிருந்து வந்து துண்டால் விசிறிக்கொண்டே பார்ப்பார். கோயில் சமையலில் ருசி பார்க்கிற வழக்கம் கிடையாது. சாமிக்குப் படைப்பதற்கு முன் யார் நாக்கிலும் படக்கூடாது. உப்பெல்லாம் கைக்கணக்கு. "நீயும் வாயில வெக்காமதான் உப்புப் போடறே. பேசாம மடப்பள்ளிக்கு வந்துடு" என்று கிண்டல் செய்வார்.

கோமாளி மீன்கள் இரண்டும் பிரச்சினையே இல்லை. பொடித் தீனியைத் தூவினால் அடித்துப் பிடித்துத் தின்னும். மாண்டரின்தான் மகாராணி. விரல் நீளம்கூட இல்லை, நீலமும் ஆரஞ்சும் நெளிநெளியாக ஓடுகிற உடம்பு. பொடித் தீனி மேலே வந்து விழுந்தாலும் திரும்பிப் பார்க்காது. உயிருள்ள நுண்பூச்சியோ, உறையவைத்த பொடி இறாலோதான் வேண்டும், அதுவும் மெதுவாக, ஒவ்வொன்றாக. வந்து சில நாளிலேயே வயிறு உள்ளே ஒட்டத் தொடங்கியது. உறைந்த இறாலுக்கு ஃப்ரீசர் வேண்டும். எங்கள் ஃப்ரீசரில் இறாலா? கேட்கவே பயந்தேன். கேட்டும் பார்த்தேன்.

"அம்மா, நான் சாமிக்கு நைவேத்தியம் பண்றவன்" என்றார் மாமனார். கோபமே இல்லாமல் சொன்னார்.

அப்போது கை கொடுத்தவள் எதிர்வீட்டு அக்கா. அம்மையார்குப்பத்து நெசவு வீட்டிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டுக்காரர் ரயில் நிலையத்தில் ஆட்டோ ஓட்டுகிறார்.

"இன்னா பாப்பா, மொகத்தத் தொங்கப் போட்டுகினு கீறே?"

விஷயத்தைச் சொன்னேன்.

"தூ, இதுக்கா? எங்கூட்டு ஃப்ரிட்ஜில கோழி, கருவாடு எல்லாம் கெடக்குது. உன் எறா ஒரு மூலையில கெடந்துட்டுப் போவுது, குடு." பிறகு தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "ஐய, எங்கூரு சேல பார்டரு கணக்கா கீதே!"

அன்றிலிருந்து தினமும் காலையில், மாமனார் மலைக்குப் போன பிறகு, அக்கா ஒரு சின்னக் கிண்ணத்தில் இறாலை எடுத்துக்கொண்டு வருவாள். வாசல் வழியாக அல்ல, தொட்டி இருக்கும் அறையின் ஜன்னல் வழியாக. வாசல்படி தாண்டினால்தானே தீட்டு என்பது அவள் சட்டம். நான் வாங்கி, தொட்டி மோட்டாரை நிறுத்தி, நீளக் குழாயால் மாண்டரின் முன்னால் விடுவேன். ஊட்டிவிட்டு ரயிலுக்கு ஓடுவேன். மீனுக்கு வயிறு உருண்டது. மாமனாருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆடி பிறந்தது. ஒரு சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும் முன்பே அக்கா ஓடி வந்தாள்.

"பாப்பா, திட்டாதே. ஊட்டுக்காரரு காவடிக்கு மால போட்டுகினாரு. ஃப்ரிட்ஜக் கழுவி, கவுச்சி அத்தினியும் அள்ளிக் கொட்டிட்டேன். அப்பாலதான் உன் பாக்கெட்டு நாபகம் வந்துச்சு. போய்ப் பாக்கறேன், பூன துன்னுகினு கீது!"

சுர்ரென்று ஏறியது. ஆனால் யாரைத் திட்டுவது? அக்காவையா, பூனையையா, முருகனையா? விரதம் முடியும்வரை அவள் வீட்டில் அதை வைக்க முடியாது. கிருத்திகைக்கு எங்கள் தெருவில் பாதிப் பேர் காவடி எடுப்பவர்கள்; எந்த வீட்டு ஃப்ரிட்ஜும் அப்படித்தான். ஐஸ்கிரீம் கடைக்காரரைக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வையில் நானே உறைந்துவிட்டேன். சென்னையிலிருந்து ஐஸ் பெட்டியில் கொண்டு வந்து பார்த்தேன். ஒரு வேளைக்கு ஆயிற்று, மிச்சம் காலைக்குள் நாற்றமடித்தது. பிறகு ரயிலில் காவடிக் கூட்டம். பெட்டி என்ன, என் கைப்பையே நசுங்கியது.

மாண்டரினுக்கு மறுபடி வயிறு ஒட்டியது. கல்லின் மேல் அப்படியே கிடந்தது. ஒப்படைத்துவிடு என்று மாமனார் சொன்னது ஞாபகம் வந்தது. சென்னையில் ஒரு மீன்கடைக்காரர் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அந்தக் கூட்டத்தில் பைக்குள் போட்டுக் கொண்டு போனால் கடை சேரும்வரை தாங்குமா என்று அவருக்கும் தெரியவில்லை. இங்கே இருந்தால் பட்டினியில் சாகும், அங்கே அனுப்பினால் வழியில் சாகும். விடுமுறை நாளின் மத்தியானம், மீனை அனுப்பிவிடுவதென்று பையில் தண்ணீர் பிடித்துக்கொண்டே தேம்பித் தேம்பி அழுதேன்.

மாமனார் மலையிலிருந்து இறங்கி வந்தார். விழாக்கால அடுப்பில் நின்று முகம் கன்றியிருந்தது.

"என்னம்மா பண்றே?"

சொன்னேன், ஜன்னல் கதையையும் சேர்த்து எல்லாவற்றையும். அவர் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார்.

"மலையில ஊர்பேர் தெரியாத ஜனமெல்லாம் சாப்பிட்டுட்டுப் போறது. என் ஆத்துல ஒண்ணு பட்டினி கிடக்கறதா?" என்றார். நேராகச் சமையலறைக்குப் போனார். பால், தயிர், தோசை மாவு எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். "போய் வாங்கிண்டு வா. இதுல வை."

"அப்பா, நீங்க நாளைக்கு நைவேத்தியம்..."

"குளிக்காமலா போகப் போறேன்? இனிமே இதுலேர்ந்து எனக்கு எதுவும் வேண்டாம். அவ்வளவுதானே? போ, போ."

அவ்வளவுதான் இல்லை. வெயில் நாளில் ஃப்ரிட்ஜில் வைத்த மோர் என்றால் அவருக்கு உயிர். அன்றிலிருந்து இன்றுவரை அதைத் தொடவில்லை. தனக்கு மட்டும் தினம் பால் வாங்கி, மண்சட்டியில் தோய்த்துக்கொள்கிறார். அக்காவின் விரதம் முடிந்ததும் பாக்கெட்டைத் திரும்ப அவளிடம் கொடுக்கப் போனேன். "இருக்கட்டும், வருஷா வருஷம் ஆடி வரும்" என்று மாமனார் தடுத்துவிட்டார். என்னைப் பெற்ற அப்பாகூட எனக்காக இப்படி ஒன்றை விட்டிருப்பாரா, தெரியாது.

ஃப்ரிட்ஜைக் காலி செய்த அன்று மத்தியானமே அக்கா வீட்டுக்காரர், கழுத்தில் மாலையோடு, என்னை ஆட்டோவில் ரயிலுக்குக் கொண்டுபோய் விட்டார், காசு வாங்கவில்லை. பொழுது சாய ஐஸ் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினேன். மாமனார் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

மோட்டாரை நிறுத்தினேன். குழாயால் இறாலை விட்டேன். மாண்டரின் அசையவில்லை. பிறகு மெல்ல நகர்ந்து வந்து, ஒன்றை உற்றுப் பார்த்து, லபக்கென்று கொத்தியது. இன்னொன்று. இன்னொன்று.

மாமனார் கண்ணை எடுக்கவே இல்லை.

"எத்தனை வருஷமா சமைக்கறேன்! சாமி முன்னாடி கொண்டு போய் வெச்சதும் திரையைப் போட்டுடுவா" என்றார். "சாப்பிடறதை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லைம்மா. இன்னும் கொஞ்சம் போடு."