போலந்து ராணியும் இரண்டு மேஸ்திரிகளும்

“பத்து வயசுப் பொண்ணுக்கா முடி சூட்டினாங்க?” குழந்தைவேலு மேஸ்திரி வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

“ராணின்னுகூட இல்லப்பா, ராஜான்னே சூட்டினாங்க” என்றாள் மகள் அம்சவேணி. “போலந்து தேசத்துல, ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி. சின்ன வயசுலயே பேசி வச்ச மாப்பிள்ளைய விரட்டிட்டு, பக்கத்து லித்துவேனியா ராஜாவுக்குக் கட்டி வச்சாங்க. ரொம்ப மூத்தவன். அவளை யாரும் கேக்கல.”

“பாவம், அழுதிருக்கும்” என்றாள் தாய் ரத்தினம்மாள்.

“அழுதா என்னடி? ரெண்டு தேசமும் ஒண்ணாச்சில்ல?” என்றார் மேஸ்திரி.

ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியின் ரயில் பாதையோரப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அம்சவேணி நான்கு வருஷமாக உபாத்தியாயினி. வயது இருபத்திரண்டு. அப்பாவுக்கு வெட்கம் வரட்டும் என்றுதான் இந்தக் கதையைச் சொன்னாள். அவருக்கு வந்தது உற்சாகம்.

ரங்கூன் துறைமுகத்தில் அவருக்கு இருநூறு கூலிகள். நல்லையா மேஸ்திரிக்கும் இருநூறு. ஒரு கப்பல் வந்தால் அந்த வேலைக்காக இரண்டு கூட்டமும் அடித்துக்கொள்ளும். மேஸ்திரிகள் குடை பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். சம்பந்திகளாகிவிட்டால் நானூறு பேரையும் சேர்ந்தே ஆளலாம். அதற்காகத்தான் அம்சவேணியை நல்லையாவின் மகனுக்குப் பேசியிருந்தார். அவனுக்கு இருந்த ஒரே தகுதி நல்லையாவுக்குப் பிறந்தது. அந்த வீட்டு மருமகள்கள் வாசல் தாண்டுவதில்லை. அம்சவேணியின் பள்ளிக்கூடம் ஞாயிற்றுக்கிழமை நிச்சயத்தோடு சரி.

“அந்த லித்துவேனியா மாப்பிள்ளை என்ன கொண்டாந்தான்?” என்று கேட்டார் மேஸ்திரி.

“நாட்டையே கொண்டாந்தான். மதம் மாறினான். பொண்ணோட ஊருக்கே வந்து இருந்தான்.”

மேஸ்திரி வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை நல்லையா பன்னிரண்டு உறவினர்களோடும் ஏழு தட்டுகளோடும் வந்தார். தட்டு மாற்றும் நேரத்தில் குழந்தைவேலு தொண்டையைச் செருமினார்.

“சம்பந்தி, போலந்துன்னு ஒரு தேசம்…”

தேங்காய் பழத்துக்கு முன்னால் உட்கார்ந்து போலந்து சரித்திரம் முழுவதையும் சொன்னார். கடைசியில், “அந்த முறைப்படி உங்க பையன் எங்க வீட்டுக்கு வந்துடணும். ஆளுங்களையும் கூட்டிக்கிட்டு” என்றார்.

“வீட்டோட மாப்பிள்ளையா? எம் மகனா?”

“ராஜாவே போனான்யா!”

“அந்த ராஜாவுக்கு அப்பன் செத்திருப்பான். எம் பையனுக்கு நான் இருக்கேன்.”

“சரித்திரம் தெரியாத ஆளு நீரு.”

“உம்ம சரித்திரத்தை நாளைக்குத் துறைமுகத்துல பாத்துக்கிறேன்.”

ஏழு தட்டுகளும் வந்த வண்டியிலேயே திரும்பின. உள்ளே சம்பந்திகளுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த அம்சவேணி, ஒரு டம்ளரை எடுத்துத் தானே குடித்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. அரிசி ஏற்ற ஒரு கப்பல் வந்தது. இரண்டு கூட்டமும் போயின. பதினொரு கூலிகளுக்கு மண்டை உடைந்தது. ஒருவனுக்குக் கை போயிற்று. மேஸ்திரிகள் இருவருக்கும் ஒன்றுமில்லை. அம்சவேணி வழக்கமான டிராமில் பள்ளிக்கூடம் போனாள். ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்தினாள். மத்தியானம் மழை பெய்தது.