இரு, வர்றேன்

எழுபதுகளின் நடுவில், தேனியில் கடைவீதிக்குப் பின்புறம், இரண்டு அறையும் ஒரு முற்றமும் உள்ள வாடகை வீட்டில் இருந்தோம். மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு ஆறு வயது, நடுவுள்ளவனுக்கு நாலு. கடைசிப் பையன் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் ஏலக்காய் வியாபாரி. சரக்குப் பார்க்கக் குமுளிக்கு மேலே எஸ்டேட்டுகளுக்குப் போய் வருவார். ஒரு தடவை சரக்கோடு ஒரு நாய்க்குட்டியும் வந்து இறங்கியது. நாலு மாதக் குட்டி என்றார். அதன் தலை நடுவுள்ளவனின் நெஞ்சு வரைக்கும் வந்தது.

"மேனேஜர் மாத்தலாகிப் போறாக. பெரிய சாதி நாயாம், சும்மாவே குடுத்தாக. புள்ளைகளுக்குக் காவலா இருக்கும்ல?" என்றார்.

"புள்ளைகளுக்குக் காவல் நான் இருக்கேன். எனக்கு யாரு இருக்கா?" என்றேன். சிரித்துக்கொண்டே கை கால் கழுவப் போய்விட்டார்.

ஒரு வருடத்துக்குள் அது கன்றுக்குட்டி உயரம் வளர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏத்தா, இது எம்புட்டுப் பால் கறக்கும்?" என்று கேட்பார். சிரிக்கக்கூட எனக்குத் தெம்பு இருக்காது. காலையில் பிள்ளைகளுக்குச் சின்னச் சட்டியில் கேப்பைக் களி கிண்டுவேன், அதற்கு அண்டாவில். வாலை ஆட்டினால் அலமாரியின் கீழ்த்தட்டு டம்ளர்கள் எல்லாம் தரையில் உருளும். தலையை உதறினால் எச்சில் சுவரில் தெறித்துக் காய்ந்து போகும், நான் சுரண்டுவேன். வெயில் தாங்காமல் குளியலறை ஈரத்தரையில் நீட்டிப் படுத்துக்கொள்ளும், பிள்ளைகளைக் குளிப்பாட்ட அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த வருடம் நான் உட்கார்ந்து சாப்பிட்டதாகவே ஞாபகம் இல்லை.

அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு கட்டளை. எஸ்டேட்டில் அதை வளர்த்த சமையல்காரர் மலையாளி. 'இரி' என்று சொல்லி உட்காரப் பழக்கியிருந்தார். எங்கள் வீட்டிலோ நாள் முழுக்க என் வாயில் புரளும் வார்த்தை 'இரு'. அடுப்பில் பால், இடுப்பில் பிள்ளை, வாசலில் தயிர்க்காரி. யார் கூப்பிட்டாலும், "இரு, வர்றேன்" என்பேன். பிள்ளைகள் யாரும் இருக்க மாட்டார்கள். நாய் மட்டும் நின்ற இடத்தில் பொத்தென்று உட்காரும், வாசற்படியில், காயப்போட்ட வற்றல் மேல், ஒரு தடவை நடுவுள்ளவன் காலின் மேலேயே. பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. என் சொல்லுக்கு உட்கார்ந்த ஒரே உயிர் அந்த வீட்டில் அதுதான். நான் வரும்வரை எழுந்திருக்காது. வந்து முதுகில் ஒரு தட்டுத் தட்டினால்தான் எழும்.

கடைசிப் பையன் அதன் கழுத்துத் தோலைப் பிடித்துத்தான் நடக்கப் பழகினான். அவன் விழாதபடிக்கு அதுவும் அடி அடியாக நகரும். இதையும் சொல்லியாக வேண்டும்.

ஒரு சாயங்காலம் தெருமுனையில் என் வீட்டுக்காரரின் சைக்கிள் மணி கேட்டது. முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து நாய் பாய்ந்தது. நடுவில் கடைசிப் பையன் ஆட்டுரலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அடுக்களையிலிருந்து பார்த்துவிட்டேன். 'இரு' என்று கத்தியிருந்தால் அது உட்கார்ந்திருக்கும். பதற்றத்தில் என் வாயில் வந்தது "நில்லு!". அந்த வார்த்தை அதற்குத் தெரியாது.

பையனின் புருவத்தில் நாலு தையல். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னபிறகுதான் எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்கு வந்ததும் விளக்குமாற்றால் நாயை அடித்தேன். அது ஓடவில்லை. வாலை அடக்கிக்கொண்டு, அடியையும் வாங்கிக்கொண்டு, என் தோளில் கிடந்த பிள்ளையையே பார்த்தது.

"இனி இது இங்கன வேணாம். இது இருந்தா நான் இல்ல" என்றேன்.

காமயகவுண்டன்பட்டியில் அவருக்குத் தெரிந்த ஒருவருக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. விசாலமான இடம், காவலுக்கும் ஆயிற்று. பழம் இறக்கிவிட்டுத் திரும்பும் லாரியில் ஏற்றிக் கொண்டுபோனோம். என் பேச்சைத்தான் கேட்கும் என்பதால் நானும் போனேன். சின்னமனூர் தாண்டும்வரை என் மடியில் தலையை வைத்திருந்தது. அந்தக் கனத்தில் இரண்டு காலும் மரத்துவிட்டன. நான் அதைத் தள்ளவில்லை.

தோட்டத்துக்காரர் நல்ல மனிதர். கம்பங்கஞ்சி ஊற்றிவைத்தார். அது குடிக்கும் நேரத்தில் கிளம்பிவிடலாம் என்று பார்த்தோம். பாதிக் கஞ்சியை விட்டுவிட்டு, தோட்டத்து வாசல்வரை என் பின்னாலேயே வந்தது. திரும்பி அதன் தலையைத் தடவினேன். எந்த வீட்டை விட்டுக் கிளம்பினாலும் வாயில் வருகிற சொல்தான் வந்தது.

"இரு, வர்றேன்."

உட்கார்ந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்துத் தோட்டத்துக்காரர் தேனிக்கு வந்தபோது எங்கள் வீட்டுக்கும் வந்தார். காப்பியை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "கஞ்சி குடிக்குது தாயி, ஒரு கொறையும் இல்ல. ஆனா குடிச்சதும் வாசலுக்குப் போயி அங்கனயே உக்காந்துக்குது. மழை பேஞ்சாலும் நகர மாட்டேங்குது. கெளம்புறப்ப அதுகிட்ட என்னமோ சொல்லிட்டு வந்தீகளே, அது என்ன வார்த்தை? சொன்னா நாங்களும் சொல்லிப் பாப்போம்."

உள்ளே பையன் அழுதான். எழுந்து போனேன்.

நான் அந்தத் தோட்டத்துக்குத் திரும்பப் போகவே இல்லை. மூன்று பிள்ளைகள், பள்ளிக்கூடம், காய்ச்சல் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். எல்லாம் உண்மையான காரணங்கள்தான். கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லக் கூடாது, அபசகுனம் என்று எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். அன்றைக்கு ஒரு நாள் அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.