செருப்பு இருந்தால் ஆள் உண்டு

உள்ளே இருப்பவர் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்கும்போது, கதவுக்கு வெளியே நிற்பவர்களுக்கு அது நன்றாகவே கேட்கும். குறைப்பவருக்கு மட்டும்தான் அது தெரியாது. நாடகத்தில் அழுதுகொண்டிருக்கும் பெண்ணின் குரல் பாதியில் தேய்ந்து மறையும். பிறகு தரையில் வெறுங்கால் ஒன்று மெதுவாக வைக்கப்படும். கதவின் நடுவிலுள்ள கண்ணாடித் துளை ஒரு கணம் இருண்டு மீண்டும் வெளிச்சமாகும். ஆளில்லாத வீடு ஒரு விதமாக அமைதியாக இருக்கும், மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் வீடு வேறு விதமாக அமைதியாக இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும் என்று பதினோரு வயதில் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது நாங்கள் சிங்கப்பூரில், பூன் லேயில் இருந்தோம். அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் இரவும் பகலும் மாறி மாறி வரும் வேலை. அம்மாவுக்கு ஜூரோங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், பூதக்கண்ணாடிக்கு அடியில் பொடிப் பொடியான பாகங்களை ஒட்டவைக்கும் வேலை. நான் தொடக்கநிலை ஐந்துக்குப் போன ஆண்டில் அந்தத் தொழிற்சாலை வேறு நாட்டுக்கு மூட்டை கட்டியது. அம்மா வேலை தேடி அலைந்துகொண்டிருந்தபோதுதான், கோயிலில் அறிமுகமான சாந்தி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பெரிய பை, வாய் நிறையச் சிரிப்பு. பாலில் கலக்கும் சத்துப் பொடி, துணி துவைக்கும் திரவம், பற்பசை, இவற்றை வீடு வீடாகப் போய் விற்க வேண்டும், விற்பதோடு நிற்காமல் வாங்குகிறவர்களையும் விற்பவர்களாகச் சேர்த்துவிட வேண்டும், அப்படிச் சேர்கிறவர்கள் விற்பதிலும் நமக்கு ஒரு பங்கு வந்துகொண்டே இருக்கும் என்றார். "சும்மா உட்கார்ந்தே வரும் லா, சிஸ்டர்" என்று அவர் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. ஏனென்றால் அதற்குப் பிறகு அம்மா உட்கார்ந்து நான் பார்க்கவே இல்லை.

முதலில் சரக்கை நாமே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது கையெழுத்துப் போட்ட பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. தொழிற்சாலை கடைசியாகக் கொடுத்த பணத்தின் பெரும்பகுதி அட்டைப் பெட்டிகளாக மாறி வீட்டுக்குள் வந்து இறங்கியது. சோபாவுக்குப் பின்னால், என் கட்டிலுக்கு அடியில், சாமி மாடத்துக்குக் கீழே என்று எங்கும் பெட்டிகள். வீடு முழுக்க எலுமிச்சை வாடை; சாம்பாரில்கூட அது அடிப்பதாக அப்பா முகம் சுளிப்பார். மாதக் கடைசியில் "டார்கெட்" எட்டாவிட்டால் ஏறிய படியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்பதால், விற்காததை அம்மாவே வாங்கிக்கொள்வார். ஆக, எங்கள் அம்மாவின் மிகச் சிறந்த வாடிக்கையாளர் எங்கள் அம்மாதான். அந்தப் பொடியைக் குடிப்பதால்தான் மகள் வகுப்பில் முதலாவதாக வருகிறாள் என்று வாசல்தோறும் என்னை முன்னே நிறுத்திச் சொல்லுவார். அந்த ஆண்டு நான் கணக்கில் தோற்றேன்.

ஞாயிறு காலைகளில் தேக்கா கடைத்தெருவில் விற்பனையாளர் கூட்டம் நடக்கும். பூக்கடை ஒன்றின் மாடியில், கீழே சரம் தொடுப்பவர்கள் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குக் கைதட்டுவார்கள். சொந்தக்காரர்களும் நண்பர்களும்தான் உங்கள் முதல் சந்தை, வேண்டாம் என்பவர்கள் உங்கள் வளர்ச்சி பிடிக்காதவர்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லும்போது முதல் வரிசையில் சாந்தி அக்கா தலையாட்டிக்கொண்டே இருப்பார். கூட்டம் முடிந்து சிராங்கூன் சாலையில் இறங்கினால், எதிரே வரும் சித்தப்பா குடும்பம் எங்கள் பையைப் பார்த்ததும் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடும். அம்மா அதைப் பார்க்காதது போல எனக்கு வடை வாங்கித் தருவார்.

என்னைத் தனியாக வீட்டில் விட அம்மாவுக்குப் பயம், அதனால் பள்ளி விட்டதும் நானும் கூடவே போவேன். மின்தூக்கியில் மேல் தளத்துக்குப் போய், ஒவ்வொரு தளமாக இறங்கி வருவோம். அப்போதெல்லாம் பகலில் மரக்கதவைத் திறந்தே போட்டுவிட்டு அதற்கு வெளியே இருக்கும் இரும்புக் கம்பிக் கதவை மட்டும் பூட்டிக்கொள்வது வழக்கம். நாங்கள் நடைபாதையின் ஒரு முனையில் நுழைந்தால், எங்களுக்கு முன்னால் மரக்கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்கும். சாத்திய வீட்டில் ஆள் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவும் சாந்தி அக்கா வழி சொல்லிக் கொடுத்திருந்தார். "செருப்பப் பாருங்க சிஸ்டர். தினமும் போடுற செருப்பு வெளிய கிடந்தா ஆள் உள்ள இருக்கு. அடிச்சுக்கிட்டே இருங்க, விடாதீங்க." எந்தச் செருப்பு தேய்ந்திருக்கிறது, எது விசேஷத்துக்கு மட்டும் போடுவது என்று நான் முன்னே ஓடிப் பார்த்துவிட்டு வந்து, "ஆள் உண்டு" என்று அம்மாவின் காதில் சொல்வேன். எவ்வளவு அடித்தும் திறக்காவிட்டால், "இருந்துகிட்டே இல்லங்கிறாங்க" என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டு நகருவார். இந்த "இருந்துகிட்டே இல்லாதவங்க" கூட்டத்தில் முதலில் முன்பின் தெரியாதவர்கள் இருந்தார்கள். பிறகு பக்கத்து வீட்டார் சேர்ந்தார்கள், பிறகு உறவுக்காரர்கள். அந்தத் தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு, சாப்பிட ஆள் வராமல், பொங்கல் வரை டின்னிலேயே கிடந்தது.

அந்தக் கூட்டத்தில் சேராதவர் மைமூன் ஆன்ட்டி ஒருவர்தான். தொழிற்சாலையில் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. கணவர் இறந்த பிறகு குவீன்ஸ்டவுனில் ஒரு பழைய அடுக்குமாடி புளோக்கில் தனியாக இருந்தார். ஒரே மகன் துபாயில் வேலை பார்த்தார். ஆன்ட்டி வீட்டு மரக்கதவு விடிந்ததிலிருந்து இருட்டும்வரை திறந்தே கிடக்கும், வானொலி பாடிக்கொண்டே இருக்கும். வாசலில் பச்சை வார் போட்ட ரப்பர் செருப்பு கிடக்கும். எங்கள் நடைச் சத்தத்தை வைத்தே, "வா செல்வி, திறந்துதான் இருக்கு" என்று உள்ளிருந்தே அம்மாவைப் பேர் சொல்லி அழைப்பார். அம்மாவிடம் பொடி டின்களாக வாங்கி அலமாரி மேல் அடுக்கி வைத்திருந்தார், ஒன்றைக்கூட உடைத்ததில்லை. ஒருநாள் எனக்கு ரொட்டியும் கோழிக்கறியும் பரிமாறிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "எவ்வளவு வேணும்னாலும் வாங்கிக்கிறேன் செல்வி. ஆனா என்னப் பார்க்க வர்றப்ப அந்தப் பைய மட்டும் கீழ வச்சிட்டு வா. அது கையில இருந்தா நீ என் முகத்தையே பார்க்க மாட்டேங்கிற."

அம்மா சிரித்துச் சமாளித்தார். ஆனால் அந்த மாதமும் டார்கெட் எட்டவில்லை, சாந்தி அக்கா தினமும் தொலைபேசியில் நெருக்கிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது வாசலில் நின்று, "நீயும் மெம்பரா சேர்ந்திடேன் மைமூன், ஒரு ஆள் குறையுது" என்று அம்மா கேட்டேவிட்டார். ஆன்ட்டி கொஞ்சம் தயங்கினார். "யோசிச்சுச் சொல்றேன்டி. சனிக்கிழமை மத்தியானம் வா, பேசுவோம்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றவர்கள் யாரும் மறுமுறை எங்களுக்குக் கதவைத் திறந்ததில்லை.

சனிக்கிழமை போனோம். ஆன்ட்டி வீட்டு மரக்கதவு சாத்தியிருந்தது. அந்தக் கதவு வெளிர் நீலம் என்பதை அன்றுதான் பார்த்தேன். வாசலில் பச்சைச் செருப்பு இரண்டும் ஒழுங்காகக் கிடந்தன. உள்ளே வானொலி பாடிக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போல, "ஆள் உண்டும்மா" என்றேன். அம்மா மணியை அடித்தார். சற்றுப் பொறுத்து இன்னொரு தரம் அடித்தார். வேறு யார் வீடாக இருந்தாலும் சாந்தி அக்கா சொன்னபடி விடாமல் அடித்திருப்பார். மைமூன் ஆன்ட்டி வாசலில் அம்மாவுக்குக் கை எழவில்லை. கண் கலங்கிவிட்டது. நடைபாதையைப் பார்த்த, மூடிய சன்னலுக்குப் பக்கத்தில் போய், உள்ளே கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னார்: "சரி மைமூன். உள்ளதான் இருக்கேன்னு தெரியும். இனிமே உன்னத் தொந்தரவு பண்ண மாட்டேன்." பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மின்தூக்கிக்குக்கூடக் காத்திராமல் படியில் இறங்கினார். இரண்டு தளம் இறங்கும்வரை அந்த வானொலி கேட்டுக்கொண்டிருந்தது.

மூன்று நாள் கழித்துத் தொலைபேசி வந்தது. இரவும் பகலும் வானொலி நிற்காமல் பாடுகிறதே என்று பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர்தான் போலீசுக்குச் சொல்லியிருக்கிறார். மைமூன் ஆன்ட்டி சமையலறை வாசலில் விழுந்து கிடந்தார். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். சனிக்கிழமை காலையில், கதவைத் திறக்கும் முன்பே விழுந்திருக்க வேண்டும் என்றார்கள். உயிர் உடனே பிரிந்ததா, மெதுவாகப் பிரிந்ததா என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

நாங்கள் போனபோது அந்த நடைபாதையின் நீளத்துக்கும் செருப்புகள் கிடந்தன. பச்சைச் செருப்பை யாரோ காலால் ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். துபாயிலிருந்து வந்திருந்த ஆன்ட்டியின் மகன் எங்கள் அம்மாவின் அருகில் வந்து, "சனிக்கிழமை நீங்க வருவீங்கன்னு அம்மா போன்ல சொன்னாங்க ஆன்ட்டி. வந்தீங்களா?" என்று கேட்டார். அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. தாயைப் பற்றி இன்னும் ஏதாவது தெரிந்துகொள்ள மாட்டோமா என்ற ஏக்கம்தான் இருந்தது.

"வந்தேன்பா. மணி அடிச்சேன். ஆள் இல்லன்னு நெனச்சுத் திரும்பிட்டேன்" என்றார் அம்மா. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மா என் பக்கம் திரும்பவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும், பாவம்" என்று அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க கம்பெனில சேரப் போறேன்னு சொல்லிச் சிரிச்சாங்க ஆன்ட்டி. சேர்ந்துட்டா அப்புறம் செல்வி பை இல்லாம வருவான்னு சொன்னாங்க."

மறுநாள் சாந்தி அக்கா துக்கம் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தார். அனுதாபமாகத்தான் பேசினார். பேச்சின் முடிவில், "நெறைய பேரு வந்திருப்பாங்களே சிஸ்டர், யார்கிட்டயாவது கார்டு குடுத்தீங்களா?" என்றார். அம்மா தொலைபேசியை வைத்தார். அத்தோடு அந்த வியாபாரம் முடிந்தது. பிறகு ஒரு பள்ளி உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலைக்குப் போனார். மீந்த திரவத்தை வீணாக்க மனமில்லாமல், நான் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகும் என் சீருடையை அதில்தான் துவைத்தார்.

பணம் போனது, அதை அம்மா உழைத்து ஈடுகட்டினார். சித்தப்பா குடும்பம்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. ஆனால் பட்டப்பகலில், எப்போதும் திறந்திருக்கும் ஒரு கதவு மூடியிருந்தபோது, "ஐயோ, என்ன ஆச்சோ" என்று பதறத் தோன்றாத மனிதர்களாக அந்த வேலை எங்களை ஆக்கியிருந்தது. எல்லாரும் எங்களிடமிருந்து ஒளிந்து ஒளிந்து, ஒளிவதைத் தவிர வேறு எதையும் எங்களுக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று. அம்மா சன்னலில் சொன்னது ஆன்ட்டியின் காதில் விழுந்திருக்குமா? எனக்கு இப்போது மைமூன் ஆன்ட்டியின் வயது நெருங்குகிறது. இன்னும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அம்மா இப்போது என்னோடு ஈசூனில் இருக்கிறார். எங்கள் தளத்தில் எல்லாக் கதவும் எப்போதும் மூடியே இருக்கின்றன. மணிக்குப் பக்கத்தில் கேமரா பொருத்தியிருக்கிறார்கள், செருப்பை உள்ளே அலமாரியில் வைத்துக்கொள்கிறார்கள். வெளியே நின்று உள்ளே ஆள் உண்டா என்று சொல்ல இனி என்னாலும் முடியாது. விற்பனையும் கைப்பேசிக்கு வந்துவிட்டது. பல ஆண்டுகளாகப் பேசாத பள்ளித் தோழி திடீரென்று நலம் விசாரித்தால், அடுத்த செய்தியில் என்ன வரும் என்று தெரிந்து பதில் போடாமல் விட்டுவிடுகிறேன்.

போன வாரம் ஒரு பிற்பகல், அதிசயமாக மணி அடித்தது. துளை வழியாகப் பார்த்தேன். இருபத்தைந்து வயது இருக்கலாம், தோளில் பெரிய பையோடு ஒரு பெண், வியர்த்துப்போய், கையில் ஏதோ அட்டையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் பூனை போலத் திரும்பி வந்து தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தேன்.

அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "யாரு?"

"சேல்ஸ் ஆளும்மா. விடு, போயிடுவாங்க" என்று கிசுகிசுத்தேன்.

கைத்தடி தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. அம்மா முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. "இருக்கோம்! உள்ளதான் இருக்கோம்மா! போயிடாதீங்க, இதோ வர்றேன்!" என்று சுவரெல்லாம் அதிரக் கத்திக்கொண்டே போய்க் கதவைத் திறந்தார். அந்தப் பெண் மிரண்டு ஓரடி பின்வாங்கினாள்.

"ஒண்ணும் வாங்க மாட்டோம்மா" என்றார் அம்மா, மூச்சு வாங்க. "பைய அங்கயே வச்சிட்டு உள்ள வாங்க. தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தண்ணீரைக் குடித்துவிட்டு, எதையும் விற்க முயலாமல் நன்றி சொல்லிப் போனாள். அம்மா கதவைச் சாத்தவில்லை. என் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார்.

"சத்தத்தக் கூட்டி வை" என்றார். "வீட்டுல ஆள் இருக்குன்னு வெளிய தெரியட்டும்."